பாலா ஜபத்தில் வரும் அடையாளங்கள்: சித்தியைப் பிடித்துக்கொள்வதா, கடந்து போவதா?

தென்பொதிகை கேட்டது:

வணக்கம். ஸ்ரீவித்யா மரபில் (ஸ்ரீசக்கரத்தில் அம்பாளை வழிபடும் மரபு) இருக்கும் பெரியவர்களிடம் ஒரு சந்தேகம்.

குருமுகமாக பாலா (குழந்தை வடிவான அம்பாள்) மூவெழுத்து மந்திரம் வாங்கி, நித்திய ஜபம் நிலைத்த பிறகு சில அடையாளங்கள் தலைகாட்டுகின்றன. வீட்டில் பூவே இல்லாதபோது மல்லிகை வாசம். கண்ணை மூடினால் புருவமத்தியில் நீல வெளிச்சம். யார் போன் செய்யப்போகிறார்கள் என்று முன்னாலேயே தோன்றுவது, அப்படியே நடப்பது. இதைக் கேட்ட ஒருவர், "சித்தி திறக்கிறது. இந்தச் சமயத்தில் கர்ண யட்சிணி (காதில் வந்து செய்தி சொல்வதாகக் கருதப்படும் தேவதை) மந்திரத்தையும் சேர்த்துக்கொண்டால் வாக்குப் பலிதம் வந்துவிடும்" என்கிறார். இன்னொருவர், "சித்தி எல்லாம் மாயை, திரும்பியே பார்க்காதே" என்கிறார்.

இரண்டு பதிலும் மனத்துக்கு ஒப்பவில்லை. மாயை என்றால் நவாவரண பூஜையில் (ஸ்ரீசக்கரத்தின் ஒன்பது சுற்றுகளுக்கான பூஜை) அணிமா சித்தி, லகிமா சித்தி என்று பேர் சொல்லி ஏன் அர்ச்சனை செய்கிறோம்? தேட வேண்டியது என்றால் பெரியவர்கள் ஏன் எச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள்? கூடவே, மூன்று லட்சம் புரச்சரணம் (எண்ணிக்கை வைத்துச் செய்யும் ஜபமும் அதன் அங்கங்களும்) தொடங்கினால் தொடக்க உறுதிமொழியான சங்கல்பத்தில் எதைச் சொல்வது, கணக்கு எப்படி என்பதையும் யாராவது விவரமாக எழுத வேண்டும். குருநாதர் தூரத்தில் இருக்கிறார், வருடத்துக்கு ஒருமுறைதான் தரிசனம்.

---

ஆவரணம் எழுதியது:

ஐயா, ஸ்ரீசக்கரத்தில் சித்திகள் எந்த இடத்தில் நிற்கின்றன என்று பாருங்கள். உங்கள் முதல் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கிறது.

சம்ஹார கிரமத்தில், அதாவது வெளியிலிருந்து உள்ளே போகும் முறையில், பூபுரம் என்ற வெளிச் சதுரத்தில் தொடங்கி நடுப்புள்ளியான பிந்துவை நோக்கிப் போகிறோம். பூபுரத்துக்கு மூன்று கோடுகள். வெளிக்கோட்டில் பத்து சித்தி தேவிகள்: அணிமா, லகிமா, மகிமா, ஈசித்வம், வசித்வம், பிராகாம்யம், புக்தி, இச்சா, பிராப்தி, சர்வகாமம். நடுக்கோட்டில் பிராஹ்மி முதலான எட்டு மாதாக்கள். உள்கோட்டில் பத்து முத்ரா சக்திகள். மொத்தம் இருபத்தெட்டு பேர். இந்த ஆவரணத்து யோகினிகளுக்குப் பொதுப்பெயர் பிரகட யோகினிகள், அதாவது வெளிப்படையாக நிற்பவர்கள். உள்ளே போகப் போக குப்தம், குப்ததரம், ரகசியம், அதிரகசியம் என்று மறைவு கூடிக்கொண்டே போகும். ஊரார் பார்த்து வியக்கக்கூடிய எல்லாம் வாசல் கோட்டிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. வாசலில் நிற்பவர்களை வணங்காமல் உள்ளே போக முடியாது. வணங்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டால் அம்பாள் தரிசனம் இல்லை.

ஒவ்வொரு ஆவரணமும் முடியும் விதத்தையும் கவனியுங்கள். அந்தச் சுற்றின் தலைவியான சக்ரேஸ்வரிக்கு அர்ச்சனை, அவளோடு ஒரு சித்தி, ஒரு முத்திரை. முதல் ஆவரணத்தில் திரிபுரா, அணிமா சித்தி, சர்வசம்க்ஷோபிணி முத்திரை. இரண்டாவதில் திரிபுரேசி, லகிமா சித்தி, சர்வவித்ராவிணி முத்திரை. பிறகு "அபீஷ்ட ஸித்திம் மே தேஹி" என்று தொடங்கும் சுலோகத்தைச் சொல்லி, அந்த ஆவரண அர்ச்சனையையே தேவியின் கையில் கொடுத்துவிடுகிறோம். கேட்பதும் கொடுத்துவிடுவதும் ஒரே சுலோகத்தில். கையை வெறுமையாக்கிக்கொண்டுதான் அடுத்த ஆவரணத்துக்குள் கால் வைக்கிறோம். ஒன்பது முறை இது நடக்கிறது. பூஜை செய்கிற பலர் இந்தச் சுலோகத்தை அவசரமாக முணுமுணுத்துவிட்டுப் போவது வருத்தமாக இருக்கிறது. சித்தியை என்ன செய்ய வேண்டும் என்ற உபதேசமே அதில்தான் இருக்கிறது.

ஸ்ரீசக்கரத்தை உடம்பிலேயே பாவிக்கச் சொல்லும் பாவனோபநிஷத் இன்னும் ஒருபடி உள்ளே போகிறது. அதில் சிருங்காரம் முதலான ஒன்பது ரசங்களும் நியதியும் சேர்ந்த பத்தும்தான் அணிமாதி சித்திகள். காமம், குரோதம், லோபம், மோகம், மதம், மாத்சரியம், புண்ணியம், பாபம் ஆகிய எட்டும் பிராஹ்மி முதலான மாதாக்கள். காவிரிக்கரையில் பாஸ்கரராஜபுரத்தில் வாழ்ந்த பாஸ்கரராயர் இதற்கு உரையும் எழுதி, இந்தப் பாவனைகளைத் தினசரி அனுஷ்டானமாகச் செய்யும் முறையும் வகுத்துத் தந்திருக்கிறார். அந்த முறையில் போகிறவருக்கு, சபையில் தன்னைப் பார்த்து நாலு பேர் வியக்கும்போது உள்ளே எழும் அற்புத ரசமும் ஒரு சித்தி தேவிதான். அவளுக்கும் ஒரு நமஸ்காரம், அவ்வளவே.

நடைமுறைக்கு வருகிறேன். ஜபத்தின் நடுவே வாசமோ வெளிச்சமோ வந்தால் ஜபமாலையை உருட்டுவதை நிறுத்தாதீர்கள். கண் திறந்து தேடாதீர்கள். அந்த மாலையை முடியுங்கள். மறுநாள் "நேற்று வந்ததே, இன்று ஏன் வரவில்லை" என்று அதே இடத்தில் கண்ணை அழுத்திக்கொண்டு காத்திருக்காதீர்கள். அங்கேதான் ஜபம் வேடிக்கை பார்ப்பதாக மாறுகிறது. எழுத்தின் மேல் இருந்த கவனம் நெற்றிக்குப் போய்விடும். ஜபக் குறிப்பேடு வைத்திருந்தால் எண்ணிக்கை, எடுத்துக்கொண்ட நேரம், தூங்கிய நேரம் இம்மூன்றை மட்டும் எழுதுங்கள். அனுபவத்தை எழுதத் தொடங்கினால் எழுதுவதற்காகவே அனுபவம் வரும்.

முன்கூட்டித் தோன்றுவதை வெளியே சொல்லாதீர்கள். ஒருமுறை சொல்லிப் பலித்தால் அடுத்த வாரம் நாலு பேர் வந்து கேட்பார்கள். கேட்டவர் ஏமாறக்கூடாதே என்று, தோன்றாதபோதும் ஏதாவது சொல்ல வேண்டிவரும். தோன்றியது எது, ஊகித்தது எது என்று தனக்கே பிரித்துப் பார்க்க முடியாத நிலைக்கு அது கொண்டுபோய்விடும். வாக்குச் சொல்பவர்கள் கெட்டுப்போகும் வழி பெரும்பாலும் இதுதான். பண ஆசை அதற்குப் பிறகுதான் வருகிறது.

---

காவிரிவடகரை எழுதியது:

புரச்சரணக் கணக்கை நான் எழுதுகிறேன். மந்திரத்தை இங்கே யாரும் முழுதாக எழுத வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

ஓர் எழுத்துக்கு ஒரு லட்சம் என்பது பொதுவிதி. மூவெழுத்துக்கு 3,00,000 ஜபம். அதில் பத்தில் ஒன்று ஹோமம் 30,000. அதில் பத்தில் ஒன்று தர்ப்பணம் (நீர் வார்ப்பது) 3,000. அதில் பத்தில் ஒன்று மார்ஜனம் (நீர் தெளிப்பது) 300. அதில் பத்தில் ஒன்று போஜனம், 30 பேருக்கு. ஐந்து அங்கமும் சேர்ந்தால்தான் புரச்சரணம். ஜபத்தை மட்டும் முடித்துவிட்டு "மூன்று லட்சம் ஆச்சு" என்று சொல்வது பாதிக் கணக்கு.

100 நாள் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 3,000. 108 மணி மாலையை 100 என்றுதான் எண்ண வேண்டும், எட்டு மணி தவறுக்குப் பரிகாரம். ஆக 30 மாலை. மூவெழுத்தைத் தெளிவாக, பிந்துவும் (ம் ஒலி) விசர்க்கமும் (கடைசி மூச்சொலி) கெடாமல் சொன்னால் ஒரு மாலைக்கு இரண்டரை நிமிஷம் ஆகும். 75 நிமிஷம் ஜபம். பிராணாயாமம், ரிஷ்யாதி நியாசம், கர நியாசம், அங்க நியாசம் (மந்திரத்தை உடம்பில் தொட்டுப் பதிப்பவை), தியானம், பஞ்ச பூஜை, முடிவில் மறுபடி நியாசம், ஜப சமர்ப்பணம் எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிசகுவது பெரும்பாலும் வேகத்தில். முதல் மாலை இரண்டரை நிமிஷம், இருபத்தைந்தாவது மாலை ஒன்றரை நிமிஷம் என்றால் எழுத்து விழுங்கப்படுகிறது. முதலில் காணாமல் போவது முதல் பீஜத்தின் கடைசி ஒலி, அடுத்து மூன்றாவதன் விசர்க்கம். நடுவில் ஒரு மாலையை உபாம்சுவாக, உதடு அசைந்து காதுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிப் பார்த்தால் எங்கே தேய்கிறது என்று பிடிபடும். நாள் முழுவதும் மானசமாகவே (மனத்துக்குள்ளேயே) செய்கிறேன் என்று ஆரம்பத்திலேயே போகாதீர்கள். மானசத்தில் எழுத்து தேய்வது தெரியாது. மேரு மணியைத் தாண்டாமல் திருப்புவது, ஆள்காட்டி விரல் படாமல் உருட்டுவது, மாலை கோமுகிப் பைக்குள் இருப்பது எல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஹோமம்தான் பலரைத் தடுக்கிறது. நிமிஷத்துக்குப் பதினைந்து ஆஹுதி போட்டால் மணிக்கு 900. 30,000க்கு ஒருவருக்கு முப்பத்து மூன்று மணி நேரத்துக்கு மேல். நாலு பேர் உட்கார்ந்தாலும் இரண்டு நாள், நாளுக்கு நாலு மணி நேரத்துக்கு மேலாகும். ஆஹுதிக்கு அரை மில்லி நெய் என்று வைத்தாலே 15 லிட்டர். இதற்குச் சுலபமான வழி, அன்றன்றைக்கு தசாம்சம் (பத்தில் ஒன்று) முடிப்பது. 3,000 ஜபத்துக்கு அன்றே 300 ஆஹுதி, 30 தர்ப்பணம், 3 மார்ஜனம். ஹோமத்துக்கு இருபது நிமிஷம், 150 மில்லி நெய். மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை ஒருவரை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டால் 100 நாளில் முப்பது பேர் ஆகிவிடும். ஹோமமே முடியாத வீடு என்றால் ஹோம எண்ணிக்கையின் இரண்டு மடங்கை ஜபமாகச் செய்வது வழக்கம், சில மரபில் நாலு மடங்கு. எது என்பது உங்கள் குருபரம்பரை. குருநாதருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், ஊகம் வேண்டாம்.

இனி சங்கல்பம். உங்கள் கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரே மந்திரம், ஒரே எண்ணிக்கை, ஒரே நெய். "அம்பாள் பிரீத்யர்த்தம்" என்று தொடங்கினால் ஒரு வழி. "இன்ன காரியம் ஆக" என்று தொடங்கினால் காம்யப் பிரயோகம் (ஒரு பலனுக்காக மந்திரத்தைப் பயன்படுத்துவது), வேறு வழி. பிரயோகத்துக்குத் திசை மாறும், ஆசனம் மாறும், மாலை மாறும், ஹோம திரவியம் மாறும், தியானத்தில் தேவியின் நிறம்கூட மாறும். ஷட்கர்மம் என்ற ஆறு மந்திரக் காரியங்களில் சாந்திக்கு ரதி, வசியத்துக்கு வாணி, தம்பனத்துக்கு ரமா, வித்வேஷணத்துக்கு ஜ்யேஷ்டா, உச்சாடனத்துக்கு துர்க்கை, மாரணத்துக்குக் காளி என்று தேவதைகளே தனித்தனி. நம் ஊர் மாந்திரீகத்தில் சாந்தியை விட்டு, மோகனம், ஆகர்ஷணம், பேதனம் சேர்த்து அட்ட கருமம் ஆக்கினார்கள். சௌந்தர்ய லஹரியின் நூறு சுலோகத்துக்கும் யந்திரம், பீஜம், எண்ணிக்கை, நிவேதனம், பலன் என்று பட்டியல் கிடைக்கிறது. இதெல்லாம் சாஸ்திரத்தில் இல்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். இருக்கிறது.

ஆனால் பதினாறாம் நூற்றாண்டில் காசியில் மந்திர மஹோததியை எழுதிய மஹீதரர் என்ன செய்தார் என்று பாருங்கள். இருபத்தைந்து தரங்கங்களில் (அத்தியாயங்களில்) மந்திரம் மந்திரமாகப் பிரயோகம் சொல்லி, கடைசித் தரங்கத்தில் ஷட்கர்மத்தையும் விவரித்துவிட்டு, காம்யத்தில் ஒட்டிக்கொண்டவர்களுக்கு அந்த அளவு பலன்தான், ஆசையை விட்டு தேவதையைப் பஜிக்கிறவர்களுக்கு எல்லாமே கூடும் என்று முடிக்கிறார். பிரயோகம் தெரியாத வேதாந்தி பேசியதல்ல இது. அத்தனை பிரயோகத்தையும் தொகுத்தவரே சொன்னது. எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

ஒரு புரச்சரணம் ஓடும்போது நடுவில் சங்கல்பத்தை மாற்றக்கூடாது, வேறு காம்ய மந்திரத்தை நுழைக்கக்கூடாது. கர்ண யட்சிணியைச் "சேர்த்துக்கொள்" என்று சொன்னவர் இந்த அடிப்படையைக்கூடச் சொல்லவில்லை என்பதிலிருந்தே அவர் சொல்லின் கனம் தெரிகிறது.

---

மூலன்மரபு எழுதியது:

மேலே இருவரும் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் சித்தியை வாசல்படியில் மட்டும் நிறுத்திவிட்டதை ஏற்க முடியவில்லை.

ஆவரணம் ஐயா, எட்டாவது ஆவரணத்தின் பெயரை ஏன் விட்டுவிட்டீர்கள்? உள் முக்கோணத்துக்கு சர்வசித்திப்ரத சக்கரம் என்றே பெயர். அதற்கு உள்ளே பிந்து ஒன்றுதான் பாக்கி. காமேஸ்வரி, வஜ்ரேஸ்வரி, பகமாலினி மூவரும் இருக்கும் இடம். சித்தி வெளிக்கோட்டிலும் இருக்கிறது, அம்பாளின் மடிக்குப் பக்கத்திலும் இருக்கிறது. வெளியே நிற்பது தடையாகலாம். உள்ளே இருப்பதைத் தடை என்று எப்படிச் சொல்வது?

திருமூலரின் வரிசையையும் பாருங்கள். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இயமம் முதல் சமாதி வரை எட்டு அங்கமும் சொல்லி, அட்டாங்க யோகப் பேறும் சொல்லி, அதற்குப் பிறகுதான் அட்டமா சித்தி வைக்கிறார். சமாதிக்குப் பின்னால் வருவதை ஆரம்பப் பள்ளிப் பொம்மை போலப் பேசக்கூடாது. உடம்பு அழிந்தால் உயிரும் அழியும், திடமாக மெய்ஞ்ஞானம் சேர முடியாது, அதனால் உடம்பை வளர்த்தேன் என்று அதே தந்திரத்தில்தான் சொல்கிறார். காயம் நிலைக்க வேண்டும், மூச்சு வசப்பட வேண்டும். அது இல்லாமல் ஞானம் பேசுகிறவர் நாற்பது வயதில் முழங்கால் வலியோடு ஜபத்தில் உட்கார முடியாமல் எழுந்துவிடுகிறார். இது என் உறுதியான கருத்து.

யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி சித்தியைத் தள்ளினார் என்று எல்லாரும் ஒரே சூத்திரத்தைச் சொல்கிறார்கள். சமாதிக்கு அவை இடையூறு, வெளிமுகமாக வந்தவனுக்குச் சித்தி என்பது அது. ஆனால் மூன்றாம் பாதத்தின் பெரும்பகுதி சம்யமம் (ஒன்றிலேயே மனத்தை ஆழ ஒன்றவைப்பது) செய்தால் என்னென்ன கிட்டும் என்றுதான் விவரிக்கிறது. நாலாம் பாதத்தின் முதல் சூத்திரமே பிறப்பு, மூலிகை, மந்திரம், தவம், சமாதி ஆகிய ஐந்தால் சித்தி வரும் என்று தொடங்குகிறது. அவர் குறிப்பாகத் தடுப்பது இரண்டு: உயர்ந்த நிலையில் இருப்பவர்கள் அழைக்கும்போது ஒட்டிக்கொள்வதும், "என்னை அழைத்தார்கள்" என்று பெருமை கொள்வதும். கதவு திறப்பதைத் தடுக்கவில்லை.

ஆகவே தென்பொதிகை ஐயாவுக்கு என் யோசனை: அடையாளத்தைத் துரத்தவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம். மூச்சைச் சீர்செய்யுங்கள். திருமூலர் சொன்ன பூரகம் (இழுப்பது) 16, கும்பகம் (நிறுத்துவது) 64, ரேசகம் (விடுவது) 32 என்ற கணக்கு முடிவில் போய்ச் சேர வேண்டியது, தொடங்க வேண்டியது அல்ல. கும்பகம் இல்லாமல் 4 இழுத்து 8 விடுங்கள். மூச்சு தானாக நீண்டு, விடும்போது இழுபறி இல்லாத நிலை வந்த பிறகு 4, 4, 8. அதன் பிறகே 4, 16, 8. ரேசகம் நடுங்கினாலோ, அடுத்த பூரகத்தை வாய் திறந்து இழுக்கத் தோன்றினாலோ கும்பகம் அதிகமாகிவிட்டது, ஒருபடி இறங்குங்கள். இரத்த அழுத்தம், இதய நோய், கண்ணழுத்த நோய், வலிப்பு இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் கும்பகத்தைத் தொடவே கூடாது. உச்சியில் சூடு, கண் எரிச்சல், தூக்கம் கலைவது வந்தால் கும்பகத்தை நிறுத்தி, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், சாப்பாட்டில் நெய்யும் மோரும், மாலையில் நடை. இதைச் "சக்தி ஏறுகிறது" என்று எண்ணிப் பட்டினி போட்டு இன்னும் ஏற்றுகிறவர்கள்தான் படுத்துவிடுகிறார்கள்.

---

ஆவரணம் எழுதியது:

எட்டாவது ஆவரணத்தை நினைவூட்டியது சரி, ஒப்புக்கொள்கிறேன். அங்கே யோகினிகள் அதிரகசிய யோகினிகள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிக்கோட்டில் பத்தாக, பேரும் உருவமுமாகப் பிரிந்து நின்ற சித்தி அங்கே முழு மறைவில் இருக்கிறது. அது யாருக்கும் காட்டக்கூடியதல்ல. அங்கே போனவருக்குப் போனில் யார் வருகிறார் என்று தெரிவதில் என்ன ருசி இருக்கும்? ரமணர் உள்ளது நாற்பதின் முப்பத்தைந்தாவது பாட்டில் சொல்வதும் இதுவே: எப்போதும் சித்தமாய் உள்ள பொருளை அறிந்து இருப்பதுதான் சித்தி, மற்றவை கனவில் பெற்ற சித்திகள். தாயுமானவர் மதயானையை வசமாக்கலாம், கரடி புலியின் வாயைக் கட்டலாம், நீரின் மேல் நடக்கலாம், நெருப்பில் இருக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போய், சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதைத்தான் அரிது என்கிறார். "முடியாது" என்று அவர் எதையும் சொல்லவில்லை, கவனியுங்கள். எல்லாவற்றையும் "லாம்" என்றே சொல்கிறார்.

நமக்குள் வேறுபாடு குறைவுதான் என்று நினைக்கிறேன். கும்பகம் பற்றி நீங்கள் எழுதியதை அப்படியே வழிமொழிகிறேன்.

---

தென்பொதிகை எழுதியது:

மூவருக்கும் நன்றி. இரண்டு விஷயம் மிச்சம் இருக்கிறது. ஒன்று, இந்த வாசமும் வெளிச்சமும் உடம்புக் கோளாறாக இருந்தால் எப்படித் தெரிந்துகொள்வது? மற்றொன்று, கர்ண யட்சிணி விஷயத்தில் உண்மையில் என்ன ஆபத்து? வெறும் பயமுறுத்தலா?

---

உளமருத்துவர் எழுதியது:

முதல் கேள்விக்கு மருத்துவர் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நம்பிக்கையைக் குறைத்துப் பேசுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இல்லாத வாசம் தெரிவதற்கு மூக்கடைப்பு, சைனஸ், ஒற்றைத் தலைவலி காரணமாகலாம். வாசம் வரும்போது சில விநாடி நினைவு தப்புவது, வாயை மெல்லுவது, வயிற்றிலிருந்து ஏதோ மேலே எழும்புவது போன்ற உணர்வு சேர்ந்து வந்தால் வலிப்பு நோயின் ஒரு வகையா என்று நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும். மூடிய கண்ணில் நிறங்கள் தெரிவது எல்லாருக்கும் உண்டு. கருவிழியைப் புருவமத்திக்கு இழுத்துப் பிடித்தால் அது கூடும், தலைவலியும் வரும். கண் திறந்திருக்கும்போது ஓரத்தில் மின்னல் போல வெட்டினாலோ, புதிதாகக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள், விழித்திரைப் பிரச்சினையாக இருக்கலாம்.

முன்கூட்டித் தோன்றுவதில், பலித்தது நினைவில் நிற்கும், பலிக்காதது மறந்துபோகும். ஆவரணம் ஐயா அனுபவத்தை எழுத வேண்டாம் என்கிறார், அது ஜபக் குறிப்பேட்டுக்கு. இதற்காகத் தனித் தாளில் இரண்டு வாரம் மட்டும், தோன்றிய உடனே நேரத்தோடு எழுதி, பலித்ததா இல்லையா என்று குறியுங்கள். தோன்றாமலே வந்த போன்களையும் குறிக்க வேண்டும். அப்போதுதான் கணக்கு நேராக இருக்கும்.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகளைச் சொல்கிறேன். நாலு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியும் களைப்பே இல்லாமல், பேச்சு வேகமாகி, பணத்தைத் தாராளமாகச் செலவழித்து, "நான் தேர்ந்தெடுக்கப்பட்டவன்" என்ற எண்ணம் உறுதியாவது. காதில் குரல் கேட்டு, அது கட்டளை இடுவது. வீட்டார் மேல் காரணமில்லாத சந்தேகம். இவற்றில் ஒன்று வந்தாலும் விரதத்தையும் இரவு ஜபத்தையும் அன்றே நிறுத்தி மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். முன்பு மனச்சிதைவு, இருமுனை மனநிலைக் கோளாறு இருந்தவர்களுக்கும், நெருங்கிய உறவில் அது உள்ளவர்களுக்கும் தூக்கத்தைக் குறைத்துச் செய்யும் எந்தச் சாதனையும் ஏற்றதல்ல. பட்டினியும் தூக்கமின்மையும் தனிமையும் ஒன்றாகச் சேரும்போதுதான் நோய் கிளம்புகிறது. மருந்து சாப்பிடுகிறவர்கள் "தீட்சை வாங்கிவிட்டேன்" என்று மருந்தை நிறுத்துவது மிகவும் ஆபத்து.

---

காவிரிவடகரை எழுதியது:

யட்சிணி பற்றி. மருத்துவர் சொன்ன பட்டினி, தூக்கமின்மை, தனிமை மூன்றும் அந்தச் சாதனையின் விதியிலேயே இருக்கின்றன: நள்ளிரவு, தனிமை, குறைந்த உணவு, யாரிடமும் சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடு. அதோடு காதில் குரல் கேட்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும். பதற்றமான மனம் உள்ளவர் இதில் இறங்கினால் குரல் கேட்பது அதிசயமே இல்லை. கேட்ட குரல் யாருடையது என்று சோதிக்கத்தான் அவரிடம் வழி இல்லை.

சாஸ்திர ரீதியாகவும் பாருங்கள். யட்சிணியைத் தாயாகவோ, சகோதரியாகவோ, மனைவியாகவோ பாவித்து அழைப்பதாகச் சொல்கிறார்கள். எந்த உறவில் அழைத்தாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். வாங்கினால் கொடுக்க வேண்டும், விதி தவறினால் கணக்குக் கேட்கும். மாந்திரீகர்களே ஒப்புக்கொள்வது, நடந்ததையும் நடப்பதையும் சொல்லுமே தவிர வரப்போவதைச் சொல்லாது என்பது. வந்தவருக்குத் தெரிந்த விஷயத்தை அவருக்கே திரும்பச் சொல்வதில் ஆச்சரியம் இருக்கலாம், உபகாரம் என்ன? பாலா குழந்தை வடிவான அம்பாள். அவளுடைய மந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு கதவைத் தட்டுவதை எந்தக் குருவும் ஒப்பமாட்டார். உங்கள் குருநாதரிடமே கேட்டுப் பாருங்கள்.

புரச்சரணம் தொடங்குவதாக இருந்தால் சில குறிப்புகள். வளர்பிறையில் குருநாதர் சொல்லும் நாளில் சங்கல்பம். அதே இடம், அதே நேரம், அதே எண்ணிக்கை. இன்று உற்சாகமாக 5,000, நாளை சோர்வாக 1,000 என்பது கூடவே கூடாது. குறைப்பது போலவே கூட்டுவதும் பிசகுதான். அதனால் முதலில் சங்கல்பம் இல்லாமல் ஒரு பதினைந்து நாள் நாளுக்கு 3,000 செய்து பாருங்கள். வேலை, பயணம், வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் நடுவே தாங்குகிறதா என்று தெரியும். தாங்கவில்லை என்றால் நாளுக்கு 1,500 வைத்து 200 நாள். குறைத்துத் தொடங்குவதில் தோஷம் எதுவும் இல்லை. நடுவில் காய்ச்சலில் படுத்தால் படுத்தபடியே மானசமாகச் செய்யலாம் என்பார்கள் சிலர், அந்த நாட்களைத் தள்ளிவைத்துப் பிராயச்சித்தமாகக் கூடுதல் ஜபத்தோடு தொடரலாம் என்பார்கள் சிலர். வீட்டில் பிறப்புத் தீட்டு, இறப்புத் தீட்டு வந்தாலும் இதே கேள்வி எழும். இரண்டையும் தொடங்கும் முன்பே அவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் தடுமாற வேண்டாம்.